கூச்ச சுபாவம்: ‘கே.டி. (எ) கருப்புதுரை’ படத்தை முன்வைத்து

(ஒரகடத்துக்கு அருகே ஒரு காலனியில் இயங்கும் இரவுப் பாடசாலையில், படம் திரையிட்டு முடிந்த பின் பேசியதன் எழுத்து வடிவம்.)



மணி ஒன்பதரை ஆகிவிட்டது. ஷிப்ட் முடித்து ரூமுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறீர்கள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். இரண்டாம் பாதியில் மூன்று பேர் சுவரில் சாய்ந்து தூங்கியதைப் பார்த்தேன். தப்பில்லை, நான் பேசும்போதும் தூங்கலாம். அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்கிறேன்.

இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் ‘பரியேறும் பெருமாள்’ அல்லது ‘சேத்துமான்’ என்று சொல்லியிருப்பேன். நம் கூட்டங்களில் அதுதானே வழக்கம். பாடசாலையை நடத்தும் தோழர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “பசங்க வாரம் பூரா லைன்ல நின்னு திட்டு வாங்கிட்டு வராங்க. ஒரு ராத்திரி சிரிச்சிட்டுப் போகட்டும்” என்றார். நீங்கள் சிரித்ததைக் கேட்ட பிறகு அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது.

படத்தைப் பற்றி இரண்டு தகவல். ‘கே.டி. (எ) கருப்புதுரை’ 2019 நவம்பரில் வெளிவந்தது. இயக்கியவர் மதுமிதா. கருப்புதுரையாக நடித்த மு. ராமசாமியை உங்களில் பலருக்கு சினிமா முகமாகத்தான் தெரியும். அவர் மதுரையில் ‘நிஜ நாடக இயக்கம்’ நடத்தியவர், தமிழ் நவீன நாடகத்தில் பெரிய பெயர். ‘கலகக்காரர் தோழர் பெரியார்’ நாடகத்தில் பெரியாராக மேடையில் நின்றவர் அவர்தான். அந்த மனிதர் இந்தப் படத்தில் பிரியாணி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்கிற கிழவராக வருகிறார். இதைத் தெரிந்துகொண்டு இன்னொரு முறை பாருங்கள், அந்தக் கிழவரின் குறும்பு வேறு மாதிரித் தெரியும்.

கதை உங்களுக்கு இப்போதுதான் ஓடி முடிந்தது. நினைவில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த எண்பது வயதுக்காரர் ஒருநாள் கண் விழிக்கிறார். பெற்ற பிள்ளைகளே தனக்குத் தலைக்கூத்தல் நடத்த நாள் பார்த்திருப்பது காதில் விழுகிறது. தலைக்கூத்தல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத சொல்லாக இருக்கலாம். விருதுநகர், மதுரை பக்கம் சில இடங்களில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு விடியற்காலையில் தலை முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்துக் கொடுத்தே சாகவிடுவது. கொலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கடைசிக் குளியல் என்பார்கள். அதிலிருந்து தப்பி ஓடிய கருப்புதுரை, கோயிலில் வளர்கிற குட்டி என்ற அநாதைச் சிறுவனைச் சந்திக்கிறார். அந்த எட்டு வயசுப் பையன் அவரிடம் கேட்கிறான், உனக்கு என்னென்ன ஆசை? பட்டியல் எழுதுகிறார்கள். பிரியாணி, சிறு வயதுச் சிநேகிதி வள்ளி என்று அது போகிறது.

நான் பிடித்துக்கொள்ள விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

பதின்வயதுப் பையன் ஒருவன், பேசாதவன், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிறவன். அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்த கிழவரோ கிழவியோ சிநேகமாகி, அவனை வெளியே இழுத்துப் போட்டு வாழக் கற்றுக்கொடுக்கிறார். உலக சினிமாவில் இது ஒரு தனி வகை. அமெரிக்காவில் 1971இல் ஹால் ஆஷ்பி எடுத்த ‘ஹெரால்ட் அண்ட் மாட்’ இந்த வகையின் மூத்த படங்களில் ஒன்று. 1992இல் வந்த ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ படத்தில் கண் தெரியாத ராணுவ அதிகாரியும் பள்ளி மாணவனும். இவற்றிலெல்லாம் கூச்சம் பையனுடையது, துணிச்சல் கிழவருடையது. கே.டி.யில் அது தலைகீழாக இருக்கிறது. பையனுக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. எண்பது வயதுக்காரர்தான் கூசுகிறார். ஹோட்டலில் போய் உட்கார, வேண்டியதைக் கேட்டு வாங்க, ‘எனக்கு இது பிடிக்கும்’ என்று வாய்விட்டுச் சொல்ல. குடும்பம், பிள்ளை, கடன், நிலம் என்று எண்பது வருஷம் ஓடியதில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்கப்படாத மனிதர் கூச்சப்படுகிறார்.

அப்படியானால் கூச்சம் பிறவிக் குணமா, யாரோ பழக்கியதா?

என் முனைவர் பட்ட ஆய்வு உங்களைப் பற்றியதுதான் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இந்தத் தொழில் தடத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் வேலை நேரத்துக்கு வெளியே எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இரண்டு வருடமாக ரூம் ரூமாக ஏறி இறங்குகிறேன். பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களுக்குள் என்னை விடவில்லை. அவர்களை மெஸ்ஸிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும்தான் சந்திக்க முடிந்தது.

ரூமுக்குப் புதிதாக வருகிறவனிடம் ‘நீ என்ன சாதி’ என்று யாரும் கேட்பதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டது. ‘எந்த ஊரு?’ என்பார்கள். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பார்கள். ‘பஸ் ஸ்டாப்லருந்து உள்ள போகணுமா?’ ‘உங்க பக்கம் திருவிழா எப்போ?’ நாலாவது கேள்விக்குள் தெரிந்துவிடும். ஒரு தம்பியைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். வடக்கே மலைப் பக்கத்திலிருந்து வந்தவன். ஆறு பேர் இருக்கும் ரூமில் எட்டு மாதம். அம்மாவிடம் போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவான், வீட்டுப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று. அண்ணன் கல்யாணத்துக்கு ரூம்காரர்கள் வருகிறோம் என்று சொன்னதும், கல்யாணம் தள்ளிப் போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தான். வாட்ஸ்அப்பில் போட்டோ வைக்கவில்லை. ரூமில் அவனைப் பற்றிக் கேட்டேன். “நல்ல பையன் சார், யார் வம்புக்கும் போகமாட்டான். கூச்ச சுபாவம்” என்றார்கள். அவன் சூப்பர்வைசரும் அதே சொல்லைத்தான் சொன்னார், ‘கூச்ச சுபாவம்’. பாராட்டாகச் சொன்னார்.

அவனோடு தனியாக டீக்கடையில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். சிரிக்கச் சிரிக்கப் பேசினான். அவனுக்குக் கூச்ச சுபாவமெல்லாம் ஒன்றும் கிடையாது.

இந்தக் கதைக்கு நூற்றைம்பது வருஷ வயது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் அவர் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிகச் சின்னப் புத்தகம், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். நானூறு மாணவர்கள், பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது சிநேகமானால் சாதி, குடும்பம், இருப்பிடம் எல்லாம் தெரிந்துபோய்விடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அன்றைக்கு அந்தப் பள்ளி ஆசிரியர் யாரையாவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கூச்ச சுபாவமுள்ள பையன் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பையன்தான் பிறகு 1893இல் ‘பறையன்’ என்று சாதிப் பெயரையே தலைப்பாக்கிப் பத்திரிகை நடத்தினார். எழுபதை எட்டிய வயதில் கப்பலேறி லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அங்கே அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் அம்பேத்கர். இருவரும் தனியாக என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. யாராவது ஒருவர் படமாக எடுக்க வேண்டும்.

‘ஹெரால்ட் அண்ட் மாட்’ படத்துக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போகிறேன். ஹெரால்ட் பணக்கார வீட்டுப் பையன், சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவன். மாட் எண்பது வயதைத் தொடப்போகிற கிழவி. முன்பின் தெரியாதவர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போவது இருவருக்கும் வழக்கம், அங்கேதான் பழக்கமாகிறார்கள். மாட் அடுத்தவர் காரை எடுத்து ஓட்டுவாள், நகரத்துத் தெருவோரம் வாடும் மரத்தைப் பிடுங்கிப்போய்க் காட்டில் நடுவாள். சுத்தக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டே பார்ப்போம். ஓரிடத்தில் ஹெரால்ட் அவள் கையைப் பிடிக்கும்போது முன்கையில் பச்சை குத்திய எண் தெரியும். ஒரு நொடிதான். நாஜி வதைமுகாமில் குத்திய எண். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது, நகர்ந்துவிடும். அந்த ஒரு நொடிக்குப் பிறகு அவள் செய்த கிறுக்குத்தனம் ஒவ்வொன்றையும் நாம் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தப் படத்தை நான் பல்கலைக்கழக விடுதியில் பார்த்தேன். அந்த எண் வந்ததும் நிறுத்திவிட்டேன். எனக்கு எங்கள் காலனித் தாத்தா ஒருவரின் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் ஒரு எண் இருந்தது.

என் சொந்தத் தாத்தா இல்லை. காலனியில் எல்லோருக்கும் அவர் தாத்தா. மழையோ வெயிலோ, வருஷம் முழுக்க ஒரு கறுப்புக் குடை. பிள்ளைகள் ‘குடை’ என்று கத்திவிட்டு ஓடுவோம். தோளில் மஞ்சள் பை. அந்தப் பையில் ஒரு பித்தளை டம்ளர். ஊருக்குள் டீக்கடையில் போய் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்து, சொந்த டம்ளரை எடுத்து நீட்டுவார். இரட்டைக் குவளை எல்லாம் போய், காகிதக் கப் வந்த பிறகும் அவர் விடவில்லை. கடைக்காரர் கோபமாக, “இப்பத்தான் எல்லாருக்கும் ஒரே டம்ளராச்சே தாத்தா, இன்னாத்துக்கு இது?” என்று கேட்டார். “முப்பது வருசம் நீ எனக்குத் தனி டம்ளர் வெச்சிருந்தே. இப்ப நான் உனக்குத் தனியா வெச்சிருக்கேன். உன் டம்ளர் சுத்தமோ இன்னாவோ” என்றார் தாத்தா. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். காலனியில் நம்மவர்களே அவரைத் திட்டினார்கள். அடங்கிப் போகத் தெரியாத கிழம், கிறுக்கு, நம்மையும் சேர்த்து வம்பில் மாட்டிவிடும் என்று.

கிறுக்குத்தனம்கூட எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. ஊர்த்தெருப் பெரியவர் கோபக்காரராக இருந்தால் ‘அவர் ஒரு டைப்பு’ என்பார்கள். சேரிக் கிழவர் அதையே செய்தால் குடித்துவிட்டுப் பேசுகிறான் என்பார்கள், திமிர் என்பார்கள். கருப்புதுரைக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், காணாமல் போனால் தேடிவர ஆள் அனுப்புகிறார்கள். குட்டிக்குக் கோயில் இருக்கிறது. அநாதைப் பிள்ளை கோயிலில் தூங்குகிறான், யாரும் அவன் யார் பெற்ற பிள்ளை என்று கேட்கவில்லை. படம் பார்க்கும்போது இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. மதுமிதாவைக் குறை சொல்லவில்லை. யாரும் கேட்காத ஒரு ஊரைக் கற்பனை செய்ய அவருக்கு உரிமை உண்டு. எனக்கும் அந்த ஊர் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் பெயர் தெரியாத ஒரு பிள்ளை படுத்தால் முதலில் வரும் கேள்வி என்ன என்று உங்களுக்கும் தெரியும்.

தாத்தாவுக்கு வருகிறேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. வகுப்பில் வாத்தியார் எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன், குரல் வராது. நின்றுகொண்டே இருப்பேன். உட்கார் என்று அவர் சொல்லும்வரை. என் அப்பா அம்மாவும் சொல்லிவிட்டார்கள், அவனுக்குக் கூச்ச சுபாவம் என்று. ஒருநாள் தாத்தா வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கிவிட்டது. “இந்தப் பையனைத் திங்கக்கிழமை மட்டும் எனக்குக் குடு. படிச்சுக் காட்ட ஆள் வேணும்” என்றார். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க ஒரு வழி கிடைத்தது என்று சரி என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

மஞ்சள் பையில் இருந்தது காகிதங்கள். பழைய பட்டா நகல், சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேட்டிலிருந்து யாரோ கையால் எழுதிக் கொடுத்த பக்கங்கள். பஞ்சமி நிலம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். இங்கே கேள்விப்படாதவர்கள் இருந்தால், சுருக்கமாகச் சொல்கிறேன். 1891இல் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலைமையைப் பற்றி சென்னை அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். கூலியும் கடனுமாகக் கட்டிப்போடப்பட்ட மக்களுக்குச் சொந்தமாக நிலம் இல்லாமல் விடுதலை இல்லை என்பது அதன் சாரம். 1892இல் ஆணை வந்தது. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் இன்றுவரை சொல்லிவரும் கணக்கு அதிலிருந்து வருகிறது. அந்த நிலத்தைப் பிற சாதியார் வாங்க முடியாது, வாங்கினாலும் செல்லாது. பதிவேட்டில் ‘டி.சி.’ என்று போட்டிருக்கும். காகிதத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. நிலம் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கதை. அதற்காக இந்த மாவட்டத்தில் உயிர் போயிருக்கிறது. 1994இல் காரணை பஞ்சமி நில மீட்புக்காகத் திரண்டபோது, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் கொல்லப்பட்டார்கள்.

தாத்தாவின் எண் ஒரு சர்வே நம்பர். அவருடைய பாட்டன் பேரில் இருந்த ஒன்றே கால் ஏக்கர். அந்த எண்ணை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஒரு தாலுகா ஆபீஸ் வராந்தாவில், மரத்தடியில் என்னை உட்காரவைத்து, “படிறா” என்பார். நான் முணுமுணுப்பேன். “வாயில இன்னா கொழுக்கட்டையா? அவனுக்குக் கேக்கணும், உள்ள குந்தினு கீறான் பாரு, அவனுக்கு. சத்தமா படி.” புல எண், உட்பிரிவு, தரிசு, தீர்வை, அனுபோகதாரர் பெயர். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைப் படிக்க வராத குரல் அந்தப் பதிவேட்டைப் படிக்க வந்தது. நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, உள்ளிருந்து எழுத்தர் வெளியே வந்து, “யாருப்பா அது கத்துறது?” என்றார். தாத்தா எழுந்து நின்றுகொண்டு என்னைக் காட்டி, “எங்க வக்கீல்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்தரும் சிரித்துவிட்டார். அந்த ஆபீஸில் யாராவது சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அவருடைய பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது. 1994ஆம் வருடத்துத் துண்டு. அதை எடுத்துப் படிக்கச் சொன்னதே இல்லை. நானாக எடுத்தபோது, “அத்த வை” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் எங்கே இருந்தார், யாரோடு போனார், எப்படித் திரும்பி வந்தார் என்று நான் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இந்த வகைப் படங்களில் பையன் ஒருமுறை கிழவரைக் காயப்படுத்துவான். இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் கட்டாயம் வரும். பிறகு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பான். பின்னணி இசை உதவும். நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், புது நண்பர்கள் நான்கு பேரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நால்வரும் ஊர்த்தெருப் பையன்கள். நான் எந்தப் பக்கம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து குடை வந்தது. தூரத்திலிருந்தே கையைத் தூக்கி, “டேய் வக்கீலு!” என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நண்பன் ஒருவன், “யார்ரா அந்தப் பெரிசு?” என்றான். “தெரியல” என்றேன். சொல்லிவிட்டு, வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

அவர் நின்றார். கண் சரியாகத் தெரியாதவர், ஆள் மாறிவிட்டது என்று நினைத்திருப்பார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. குடையை விரித்தார், வெயில் இல்லை, மாலை நேரம், விரித்து முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். நான் சங்கடப்படக் கூடாது என்று அவர் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அவருடைய மனுவுக்குப் பதில் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. ‘பரிசீலனையில் உள்ளது.’ அந்த ஒன்றே கால் ஏக்கரில் இன்று லாரிகள் நிற்கின்றன.

நான் வெட்கப்பட்டது தாத்தாவை நினைத்தா, என்னை நினைத்தா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

‘சேத்துமான்’ பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நாலு பேர். சரி, அடுத்த மாதம் அதைப் போடச் சொல்கிறேன், சிரிப்பு கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன். பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையிலிருந்து தமிழ் இயக்கியது, 2022இல் வந்தது. கூடை பின்னும் தாத்தா பூச்சி, பெற்றோரை இழந்த பேரன் குமரேசன். பேரன் படித்துவிட வேண்டும், இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. பண்ணையாரோடு பன்றிக்கறி பங்கு போடப் போன இடத்தில் கைகலப்பு, அதில் அவர் போய்ச் சேர்கிறார். அவருடைய சண்டையே இல்லை அது. கே.டி.யில் கிழவர் தன் ஆசைகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வருகிறார். பூச்சிக்கு ஒரே ஆசை, அதுவும் தனக்காக இல்லை. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தாத்தா பேரன் கதை என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்க முடியாது என்று புரியும்.

நம் தடத்துக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்தது, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. அங்கே இருபது வயதில் சேர்ந்தவர்களுக்கு இன்று நாற்பதை நெருங்கும் வயது. அவர்களில் சிலரை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வருகிறோம். முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு தொழிற்சாலை எப்படி மூடப்படும் என்று கண்ணால் பார்த்தவர். முதல் அறிகுறி என்ன, யாரை முதலில் அனுப்புவார்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அவருக்கும் கூச்சம்தான்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். நல்ல கட்டடம், பழைய நெரிசலுக்கு இது எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. மெஸ்ஸில் சந்தித்த ஒரு பெண்ணிடம், அவர் இருப்பது வேறொரு தனியார் ஹாஸ்டல், நாள் முழுக்க முப்பது வயதுக்கு மேற்பட்ட யாரிடம் பேசுவாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “வார்டன் கிட்ட. லேட்டா வந்தா” என்றாள். லைனில் எல்லோரும் அவள் வயது, ரூமில் எல்லோரும் அவள் வயது. வருஷம் இரண்டு போனால் ஒப்பந்தம் முடிந்து இவளும் போய்விடுவாள், அடுத்தவள் வருவாள், அவளும் முதலிலிருந்து தொடங்குவாள். சூப்பர்வைசர் திட்டினால் அது தன் ஒருத்திக்கு மட்டும் நடப்பதாக நினைப்பாள்.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலுக்குப் பலமுறை போனேன். எனக்குப் பட்டது இதுதான்: அங்கே பத்து, பதினைந்து வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் பிள்ளை பெயர் இன்னொருவருக்குத் தெரியும். பழைய கதை சொல்ல ஆள் இருந்தது. சங்கம் அமைக்க அது உதவியது என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது, அதை மறைத்துவிட்டு என் வாதத்தை நிறுவ விரும்பவில்லை. 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டில் விஷமாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ராத்திரியில் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். இருபது வயதுப் பெண்கள். வழிகாட்டப் பெரியவர் யாரும் இல்லை, சங்கம் இல்லை. கூச்ச சுபாவம் என்று அவர்களைப் பற்றியும் அதுவரை சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். கே.டி.யின் குட்டி மாதிரி அவர்கள்தான் நமக்குக் கேள்வி கேட்டார்கள். ஆகவே பெரியவர் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. அந்த ராத்திரி சாலையில் உட்கார்ந்த பெண்களில் எத்தனை பேர் இன்று இந்தத் தடத்தில் இருக்கிறார்கள்? அந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னார்கள்? இரண்டு வருடத்தில் நான் சந்தித்த புதுப் பெண்களில் பாதிப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. சில வருஷத்துக்கு முந்தைய சங்கதி அவர்களுக்கு டிரமென்ஹீர் காலத்துச் சங்கதி மாதிரி.

அரை மணி நேரம் ஆகிவிட்டது. தூங்கியவர்களில் இருவர் எழுந்துவிட்டார்கள்.

படம் ஓடும்போது ஒன்றைக் கவனித்தேன். பின்னால் தூணோரம் ஆயா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதே காலனிதான். நாம் சிரிக்காத மூன்று இடங்களில் அவர் மட்டும் சிரித்தார். தலைக்கூத்தலுக்குப் பிள்ளைகள் நாள் பார்க்கிற இடம் அதில் ஒன்று. அங்கே நாமெல்லாம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். எதற்குச் சிரித்தார் என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆயா, தலையைக் குனிஞ்சுக்காதீங்க. தம்பி, அந்த மைக்கை அவங்ககிட்ட குடுப்பா. ஒயர் பத்தலன்னா நாம அங்க போய் உக்காந்துக்கலாம்.